சுவரைப் பார்த்துத் தொங்கிய பில்லை

வானத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு துரைக்கு நான் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் பேச இன்றைக்கும் நாக்கு எழாது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நிலாவில் மனிதர்கள் இறங்குவதற்குச் சற்று முந்தைய காலம். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கம், வெளியூர் விருந்தாளிகள் தங்கும் பங்களாவில் பெருக்கித் துடைக்கும் வேலை எனக்கு. அந்தத் துரை முதலில் சண்டை விமானம் ஓட்டியவராம். பிறகு ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றி வந்தவராம். காதில் ஏதோ கோளாறு வந்து, இனிமேல் பறக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து தேசம் தேசமாகப் போய், விமானக்காரர்கள் மட்டும் போனால் போதாது, வாத்தியாரும் சமையல்காரரும்கூட வானத்துக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். அத்தனை உயரம் போனவருக்கு எங்கள் சுரங்கத்தின் ஆழத்தையும் பார்க்க ஆசை. அதற்காகத்தான் வந்தார்.

வந்த அன்று சாயங்காலம் மைதானத்தில் கூட்டம். துரை இங்கிலீஷில் பேச, ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தமிழில் சொன்னார்.

"ராக்கெட்டு பெரிய விஷயமில்லையாம். போனவன் திரும்பி வந்தானானு எண்ணிப் பாக்க கீழ ஒருத்தன் உக்காந்திருக்கணும். அது இருந்தா யாரு வேணா போலாமாம். உங்க ஊர்ல அதை ரொம்ப காலமா செய்றீங்க, நீங்கதான் முதல்ல போகணும்னு சொல்றாரு."

"அங்கயும் மூணு ஷிப்டா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

குமாஸ்தா துரையைக் கேட்காமலே, "அங்க எப்பவும் நைட் ஷிப்டுதான், போறியா?" என்றார். மைதானமே சிரித்தது.

மேலே என்ன பார்த்தீங்க என்று இன்னொருவர் கேட்டதற்குத் துரை சிரிக்கவில்லை. நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற இருட்டைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது என்றார்.

மறுநாள் காலையில் வெந்நீர் வாளியோடு போனேன். துரை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இந்தாமே, நீ வானத்துக்கு வர்றியானு துரை கேக்குறாரு," என்றார் பங்களா பட்லர்.

நான் வாளியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இவ மார்க்கெட்டுக்கே தனியா போமாட்டா துரை," என்று பட்லரே பதில் சொல்லிவிட்டார்.

துரை சொன்ன எண்ணிக்கை என்னவென்று சொல்ல வேண்டும். கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டில், ஏறிக் கீழே இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளைப் பில்லையைக் கணக்கரிடம் கொடுப்பான். அவர் அதைப் பலகையில் ஆணியில் மாட்டுவார். மேலே வந்ததும் அவனவன் தன் பில்லையை எடுத்துக்கொள்வான். ஷிப்ட் முடிந்து பலகை காலியாக இருந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒன்று தொங்கினாலும் ஒருத்தன் கீழே இருக்கிறான், தேடப் போக வேண்டும்.

அந்தப் பலகையில் ஒரு பில்லை மட்டும் நாலு வருடமாக எடுக்கப்படாமல் தொங்கியது. 617. என் அண்ணனுடையது. ஏர்பிளாஸ்ட் வந்து, அதாவது பாறை தானாக வெடித்து, அவன் நின்ற இடம் மூடிக்கொண்டது. தோண்டினால் இன்னும் இடியும் என்று அந்த லெவலுக்கு, அந்த ஆழத்துச் சுரங்கப்பாதைக்கு, குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். உடல் வரவில்லை. கணக்கில் சேராமலிருக்க அந்தப் பில்லையை மட்டும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அதை யாரும் தொடுவதில்லை.

துரை அன்று காலையே சுரங்கத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். பங்களாவில் குளித்துவிட்டு, அதிகாரிகளோடு காரில் பெங்களூருக்குப் புறப்பட்டார். மத்தியானம், சுரங்கத்தில் இறங்க அவருக்குக் கொடுத்து அவர் கழற்றிப் போட்ட காக்கி உடுப்பைத் துவைக்க எடுத்தபோது, பையில் ஏதோ கனத்தது. கையை விட்டேன். பில்லை. புரட்டிப் பார்த்தேன். 617. அண்ணன் தன் சாப்பாட்டுத் தூக்கில் ஆணியால் கீறி வைத்திருந்த அதே எண். உடுப்பு உலர்ந்திருந்தது, பில்லை மட்டும் ஈரமாக இருந்தது. என் கை ஈரமோ என்னவோ.

அண்ணனிடமிருந்து மேலே வந்த ஒரே பொருள். முந்தானையில் முடிந்துகொண்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன்.

அப்போது நேரமில்லாத நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியது.

பட்லர் ஓடி வந்தார். "ரெஸ்க்யூ பார்ட்டியைக் கூப்டுறாங்க. பலகைல ஒரு பில்லை நிக்குதாம். 617 ஆணி காலியாம். செத்தவன் ஏறி வந்துட்டான், பதிலுக்கு ஒருத்தனைக் கீழ வெச்சுட்டான்னு சொல்றாங்க. முதல்ல அந்தச் சுவருகிட்டதான் தேடப் போறாங்களாம்."

கீழே மாட்டிக்கொண்டவர்களைத் தேடி இறங்கும் அந்த ரெஸ்க்யூ பார்ட்டியில் என் வீட்டுக்காரர் இருந்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. துரைக்கு உபரிப் பில்லை ஒன்றை மாட்டியிருப்பார்கள். மேலே வந்தவர் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் திரும்பித் தொங்கியதை எடுத்துவிட்டார். காலைக் கணக்கரோ வேலை முடிந்து பக்கத்து ஊர் பேத்தமங்களாவுக்கு சைக்கிளில் போய்விட்டார். நிற்பது துரையின் பில்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஓடினேன். நான் போவதற்குள் பார்ட்டி கீழே இறங்கிவிட்டது. ஷாப்ட் வாசலில், அதாவது கேஜ் இறங்கும் குழியின் வாசலில், பெண்கள் நிற்கக் கூடாது.

"ஏய், பொம்பள, எங்க வர்ற?"

கையை நீட்டிப் பில்லையைக் காட்டினேன். எண்ணைப் பார்த்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். அவன் தங்கச்சிடா என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"இது உங்கிட்ட எப்டிம்மா வந்துச்சு?" என்றார் மத்தியான ஷிப்ட் கணக்கர். அவர் உதடு வெளுத்திருந்தது.

"துரை உடுப்புல இருந்துச்சு," என்றேன். "மாத்தி எடுத்துட்டாரு. நிக்கறது துரை பில்லை. கீழ யாரும் இல்லண்ணா, எங்க வீட்டுக்காரரைக் கூப்டுங்க."

என் வாழ்நாளில் ஆண்கள் நடுவில் அத்தனை வார்த்தை பேசியது அன்றுதான். கணக்கர் என் கையிலிருந்ததை வாங்கினார், துரையின் பில்லையைக் கழற்றினார், 617ஐ அதன் ஆணியில் மாட்டினார், முகம் சுவர்ப் பக்கம். பிறகு பார்ட்டியை மேலே வரச் சொல்லிக் கீழே மணி அடித்தார்கள்.

வீட்டுக்காரர் வந்தார். வீட்டில் காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"சுவருக்கு உள்ளேர்ந்து தட்டுற சத்தம்மே," என்றார். "மூணு தட்டு. நிறுத்தி, மறுபடி மூணு."

கேஜ் மணியை மூன்று தட்டுத் தட்டினால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"நீ திருப்பித் தட்டினியா மாமா?"

"கையைத் தூக்கினேன். அதுக்குள்ள மேலேர்ந்து பெல் வந்துச்சு. அதோட நின்னுபோச்சு."

பாறை இறுகும்போது அப்படிச் சத்தம் வரும் என்று இஞ்சினியர் சொன்னாராம். இருக்கலாம். நாலு வருடமாயிற்று, உயிரோடு இருக்க வழியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பில்லை என் முந்தானையில் இருந்தவரைக்கும் அவன் பலகைப்படி மேலே வந்தவன். நான்தான் திரும்பக் கொடுத்தேன். வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்க்கப் பார்க்க நான் செய்தது சரி என்றுதான் பட்டது. அண்ணனை நினைத்தால் அப்படிப் படவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் ஷாப்ட் வாசலுக்குப் போனேன். இந்த முறை யாரும் விரட்டவில்லை.

"அண்ணா, அதை இந்தப் பக்கம் திருப்பி மாட்டுங்க."

"திருப்பினா கணக்குல வருமேம்மா."

"வரட்டும். போனவன் வந்தானானு எண்ணணும்னு அந்தத் துரை சொன்னாரே. எங்க அண்ணனையும் எண்ணுங்க."

கணக்கர் எழுந்து பலகைக்குப் போனார். 617ஐத் திருப்பி மாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும், "எல்லாரும் மேல, ஒருத்தர் கீழ," என்று சொல்லித்தான் பலகையை மூடினார் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

நிலாவில் இறங்கிய செய்தியை யூனியன் ஆபீஸ் ரேடியோவில் எல்லோரும் கூடிக் கேட்டார்கள். அடுத்து சாதாரண ஜனங்கள்தான் போக வேண்டும் என்று எங்கள் துரை பேசியதும் பேப்பரில் வந்திருந்தது. வீட்டுக்காரர் எனக்குப் படித்துக் காட்டினார். அந்தச் சுவர்ப் பக்கம் அவருக்கு அதற்குப் பிறகும் வேலை விழுந்ததுண்டு. தட்டும் சத்தம் கேட்டதா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.