புளியும் சாம்பலும் தேய்த்த கண்ணாடி

எங்கள் வீட்டில் எச்சிலுக்குப் பயந்த அளவு பாம்புக்குக்கூடப் பயந்ததில்லை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகைகளை ஒட்டிய வீடு. பாம்பு வந்தால் அம்மா துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டுச் சமையலைத் தொடர்வாள். ஆனால் யாராவது வாய் வைத்துத் தண்ணீர் குடித்த டம்ளர், புளியும் சாம்பலும் போட்டு மூன்று தரம் தேய்க்காமல் சமையலறைக்குள் வராது.

அந்த வீட்டுக்குத்தான் சித்தப்பா, ஒரு சனிக்கிழமை, எச்சில் சுரப்பியைக் கொண்டுவந்தார். அவர் மருத்துவப் பள்ளி மாணவர். விரல் அகலக் கண்ணாடித் துண்டில், சாயமேற்றிய மெல்லிய சீவலாக அது ஒட்டியிருந்தது. கூடவே, கெஞ்சி இரவல் வாங்கிய ஒரு நுண்ணோக்கி. திங்களன்று பரீட்சை. போனமுறை இதில்தான் கோட்டைவிட்டிருந்தார். இந்தமுறையும் தேறாவிட்டால் ஜொகூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

சித்தப்பா ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு காலை முழுவதும் பார்த்தார். "எல்லாம் ஒரே சேறா தெரியுது" என்று புலம்பினார். என்னை மட்டும் கிட்டே விடவில்லை. எட்டு வயதுக்காரிக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்? அவர் குளிக்கப் போனதும் நான் கண்ணை வைத்தேன்.

சேறாவது மண்ணாவது! கொத்துக் கொத்தாகத் திராட்சை. சில மணிகள் கருத்து, உள்ளே பொடிப்பொடியாக ரவை நிரப்பியவை. சில வெளுத்து உப்பியவை. வெளுத்தவற்றில் சிலவற்றின் தலையில் பிறைபோல ஒரு தொப்பி. எல்லாவற்றையும் சிலேட்டில் வரைந்தேன். கருத்தவற்றுக்குப் புள்ளி வைத்தேன், வெளுத்தவற்றைச் சும்மா விட்டேன்.

அந்தப் பெருமையோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சமையலறைக்குப் போய், "அம்மா, சித்தப்பா கண்ணாடியில எச்சில் ஒட்டி வச்சிருக்காரு" என்றேன்.

சித்தப்பா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது கண்ணாடி பளபளவென்று இருந்தது. வெந்நீர், புளி, சாம்பல், மூன்று தரம்.

"சுத்தமா தேய்ச்சு வச்சிருக்கேன், தம்பி" என்றாள் அம்மா.

"அண்ணி, என் பரீட்சையே அதுலதான் இருந்துச்சு!"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "யாரு உங்ககிட்ட சொன்னது?" என்று சித்தப்பா கேட்டதும் நான் சிலேட்டை நோக்கி ஓடினேன். படத்தை அழித்துவிட்டால் நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று சாதிக்கலாம். வழக்கம்போல எச்சில் தொட்டு அழிக்க விரலை நாக்கில் வைத்தேன். நாக்கு காய்ந்துகிடந்தது. துப்பிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. பாவாடையால் துடைத்திருக்கலாம், அந்தப் புத்தி வரவில்லை.

சித்தப்பா பின்னால் வந்து நின்றார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி, இங்க வாங்க!" என்று கத்தினார். "இந்தப் புள்ளி வச்சதெல்லாம் தண்ணி எச்சில் சுரக்கிற செல்லு, சோத்தைக் கரைக்கிறது. இந்த வெளுத்தது கொழகொழப்பு சுரக்கிறது, வழுக்கி உள்ள தள்ளுறது. இந்தப் பிறைதான் என் கண்ணுல படவே இல்ல!"

இரண்டு நாளும் அந்தச் சிலேட்டை வைத்துக்கொண்டே படித்தார். கண்ணாடியைத் தானே பாழாக்கியதாகப் பள்ளியில் பழியை ஏற்றுக்கொண்டு, பரீட்சையிலும் தேறினார். அம்மா பாயசம் வைத்தாள்.

எனக்குத்தான் கவலை. பயந்தால் வாய் வறளும் என்று அன்று யார் சொன்னார்கள்? கண்ணாடியிலிருந்து அம்மா தேய்த்துக் கழுவியது என் வாயின் செல்களைத்தான் என்று முடிவுகட்டியிருந்தேன். ஒளிந்திருந்து ஒரு துண்டுப் புளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஊறியது. தப்பிப் பிழைத்தவை கொஞ்சம் இருக்கின்றன என்று நினைத்து, அவற்றைச் சிக்கனமாகச் செலவழிக்க ஆரம்பித்தேன். அதன்பிறகு சிலேட்டைத் தண்ணீர் தொட்டுத்தான் துடைத்தேன்.

மகளுக்கு ஒருவழியாக நல்ல பழக்கம் வந்துவிட்டதென்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.