காதுக்குப் பின்னால் விட்ட இடம்

பேய் வேஷத்துக்குப் பல் ஒட்டிவிட்டவனே நான்தான், எனக்கு எங்கிருந்து பேய் பயம் வரும்? நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் தமிழ் நாடகம் எங்கே நடந்தாலும் மேக்கப் என்னுடையதுதான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம். பிண வேஷத்துக்கு முகம், கழுத்து எல்லாம் சாம்பல் நிறம் பூசினாலும் இடது காதுக்குப் பின்னால் ஒரு விரல் அகலம் பூசாமல் விட வேண்டும். உயிர் திரும்பி வர வழியாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் கை தானாக விட்டுவிடும்.

ஒரு நாள் சாயங்கால நாடகத்தில் பிணமாகப் படுத்தவன் வலியசாலைக் கிருஷ்ணன், ஏதோ ஆபீஸில் கிளார்க், அடுத்த மாதம் கல்யாணம். "ஆபீஸிலேயும் இதே வேலைதானேடா" என்று கிண்டலடித்துக்கொண்டே பூசினேன், வழக்கம்போல இடம் விட்டேன். அப்புறம் திரை தூக்கும்வரை உள் அறையில் கதாநாயகிக்கு ஜடை வைத்துக்கொண்டிருந்தேன், அவளே சாட்சி.

காட்சி முடிந்து திரை விழுந்தது. எல்லோரும் எழுந்தார்கள், கிருஷ்ணன் எழவில்லை. விளையாடுகிறான் என்று முதலில் திட்டினேன். மூக்கருகே கை வைத்தால் மூச்சில்லை. ஏன் தோன்றியதோ, அவன் தலையைத் திருப்பிக் காதுக்குப் பின்னால் பார்த்தேன். நான் விட்ட இடம் மூடியிருந்தது, சுத்தமாக, என் கைவேலை மாதிரியே.

தேங்காய் எண்ணெயைக் கொட்டி வேட்டித் தலைப்பால் தேய் தேய் என்று தேய்த்தேன். தோல் தெரிந்ததும், முங்கினவன் தண்ணீருக்கு மேலே வந்த மாதிரி மூச்சை இழுத்தானே பாருங்கள், நான் அழுதேவிட்டேன்.

"காதுக்குப் பின்னாடி யாருடா பூசினது?"

"நீங்கதானே அண்ணா? திரை தூக்கறதுக்கு முன்னாடி வந்து தடவினேளே. கை என்ன தணுப்பு, ஐஸ் மாதிரி!"

மேக்கப் பெட்டியைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி நாகர்கோவில்காரி, ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதென்ன, ஒங்க காதுக்குப் பொறத்தால சாம்பலாட்டு இருக்கு?"

துடைக்கச் சொன்னேன், துடைத்தாள், போய்விட்டது. அப்புறம் நடந்ததை அவளிடம் சொன்னேன். ஆனால் இன்றைக்கும் நான் படுத்ததும் டார்ச் அடித்து என் காதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுப்பாள். சில நாள் முந்தானையால் துடைக்கவும் செய்கிறாள். எதைத் துடைக்கிறாய் என்று நான் கேட்பதில்லை.