ஆணியில் விட்ட சட்டை

பாச்சை உருண்டையும் வறுத்த மிளகாயும் கலந்த ஒரு நெடி உண்டு. இரண்டும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடைந்து கிடந்தால்தான் அது வரும். அறுபதுகளின் நடுவில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு புரட்டாசியில், தாராவியில் எங்கள் ஒற்றை அறை முழுக்க அந்த நெடி நிறைந்திருந்தது. அந்த அறையை நாங்கள் எல்லோரையும் போல ‘கோலி’ என்போம். பெட்டியை ‘பேட்டி’ என்போம். என் அண்ணன் சாமுவேல் உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்தில் பொறியியல் படிக்கப் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பேட்டி அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். இரவில் அதன் பக்கத்தில்தான் படுப்பேன்.

சீமைக்குப் படிக்கப் போகிறவன் என்னென்ன கொண்டு போக வேண்டும் என்பதில் எங்கள் சந்தில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. எதிர்வீட்டுச் செபாஸ்டின் மாமா ஒருகாலத்தில் கப்பல் சமையற்காரராக ஏடன் வரை போனவர். அதற்கு அப்பால் போனதே இல்லை என்றாலும் இங்கிலாந்தைப் பற்றி அவர் சொன்னால் சொன்னதுதான். “அங்கன தண்ணி வேற, உப்பு வேற. கருப்பட்டி இல்லாம போனான்னா பய எளச்சிருவான்” என்றார். அதன்படி கருப்பட்டி ஏறியது. தாதரில் வாங்கிய கம்பளி கோட்டு, கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய அப்பளமும் பருப்புப் பொடியும், வேதாகமம், ஒரு தலையணை, நல்லெண்ணெய், வீட்டில் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு பீங்கான் ஜாடி நிறைய. அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பான். அவன் கல்லூரிக்குப் போனதும் அம்மா மறுபடியும் உள்ளே வைப்பாள்.

கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கும் வேலை அப்பாவிடம் வந்தது. அது அவருடைய தொழில். துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில், வெளிநாட்டுக்குப் போகும் சாமான்களை வைக்கோலும் மரத்தூளும் திணித்து மரப்பெட்டிகளில் அடைத்து ஆணியடிப்பவர். பெட்டியை மூடியபின் இரண்டு கையாலும் ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே சின்ன சத்தம் கேட்டாலும் ஆணியைப் பிடுங்கி முதலிலிருந்து அடுக்குவார். “பேட்டிக்குள்ள காத்து இருக்கப்பிடாது. எடம் இருந்தா உருளும், உருண்டா ஒடையும்” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

அம்மாவின் பேச்சு வேறு. திருநெல்வேலிச் சீமையில் அவள் பிறந்த ஊர் வழக்கம் ஒன்று அவளோடு பம்பாய்க்கும் வந்திருந்தது: தூரதேசம் போகிறவன் கடைசியாக உடுத்திக் கழற்றிய துணி ஒன்று, துவைக்காமல், அவன் வேர்வையோடு வீட்டில் கிடக்க வேண்டும். அது கிடக்கும்வரை அவன் கால் வீட்டை மறக்காதாம். போதகருக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலேயே பிடித்துக்கொள்வார் என்பதால் அம்மா இதை உரக்கச் சொல்வதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அண்ணன் அன்று போட்டுக் கழற்றிய, பையோரம் மைக்கறை பட்ட நீலச் சட்டையைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, “இது இங்கனயே கெடக்கட்டும் மக்கா” என்று அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் சிரித்தான். நான் பார்த்தேன். அப்பா அப்போது வீட்டில் இல்லை.

மறுநாள் காலையில் டாக்சி வந்து நின்று ஹாரன் அடித்தது. அம்மா வாசலில் அக்கம்பக்கத்தாரிடம் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அப்பா பேட்டியைக் கடைசியாக ஒரு குலுக்குக் குலுக்கி, மறுபடி திறந்து மூடினார். துறைமுகத்தில் அண்ணன், “போயிட்டு வாரேம்மா” என்றான். “போயிட்டு வா ராசா” என்றாள் அம்மா. கப்பல் நகர்வது தெரியாமலே நகர்ந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தோம். ஆணி வெறுமனே இருந்தது.

“சட்டைய எங்க?” என்றாள் அம்மா.

அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார். “பய மறந்துட்டான் போல. ஊறுகா ஜாடிக்கிட்ட கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு. அதச் சுத்தி அண்டக் குடுத்தேன். இப்ப கல்லு மாதிரி இருக்கு.”

அம்மா முந்தானையால் அந்த ஆணியைத் துடைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு ஏதோ புரிந்தது.

அண்ணனின் முதல் கடிதத்தில் ஜாடி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தான். வேறு சமயமாக இருந்தால் அப்பா அதைப் பட்டறை முழுக்கப் படித்துக் காட்டியிருப்பார். அம்மா என்னை உட்கார வைத்து, அந்தச் சட்டையை உடனே தபாலில் அனுப்பச் சொல்லி எழுத வைத்தாள். “தபால் எதுக்கும்மா, நானே போட்டுக்கிட்டு வாரேன்” என்று பதில் வந்தது. அதன்பிறகு அந்த ஆணியில் யாரும் எதையும் மாட்டவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு நான் அதையே பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அங்கே ஏதோ தொங்குவது போலவே இருக்கும். பயத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அண்ணனுக்கு மார்ச்சளி கண்டு காய்ச்சலாகி, நாங்கள் அறிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தந்திதான் வந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் பேட்டி திரும்பி வந்தது. அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வரும்போதே உள்ளே ஏதேதோ உருள்கிற சத்தம் கேட்டது. யாரோ முன்பின் தெரியாதவர்கள் அடுக்கியது. அவர்களுக்கு அப்பாவின் கை ஏது? ஒவ்வொரு அடிக்கும் கடகடவென்று அது உருண்டது. அப்பா நடுச்சந்தில் நின்றுவிட்டார். செபாஸ்டின் மாமா ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார்.

திறந்தால், மேலாகவே நீலச் சட்டை இருந்தது. அண்ணன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் நல்லவளாக இருக்க வேண்டும். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். மைக்கறைகூடப் போயிருந்தது. அம்மா அதை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

“தொவச்சுட்டாளே” என்றாள். அம்மா சத்தம் போட்டு அழுதது அதற்குத்தான்.

அழுது முடித்து அதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். நான் வளர்ந்து கல்யாணமாகிப் போகும்வரை அது அங்கேயே தொங்கியது. கதவு அசையும்போதெல்லாம் யாரோ உள்ளே வருவது போல அசைந்தது. அப்பா பட்டறையில் பெட்டி அடைப்பதை விடவில்லை, சாப்பிட வேண்டுமே. ஆனால் வீட்டில் ஒரு பொட்டலம்கூட அவர் கட்டித் தரவில்லை. என் கல்யாணப் பேட்டியைத் தொடவே மாட்டேன் என்றார். அன்றைக்குத்தான், யாரும் இல்லாத நேரம் பார்த்து, “ஏளா, ஒரு சட்டை ஒரு உசுர எடுக்குமா?” என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தக் கோலி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. இரும்புப் பேட்டி, பீங்கான் ஜாடி, கப்பல் பயணம் எதுவுமே இல்லை. செம்பூரில் நாங்கள் இருக்கும் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவும் விடுவதில்லை. போன மாதம் என் பேத்தி கனடாவுக்குப் படிக்கப் போனாள். சக்கரம் வைத்த பெட்டியைக் கையளவு தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தாள்; துணிகளைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தாள். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வழக்கத்தையெல்லாம் நான் நம்புகிறவள் அல்ல. விமான நிலையத்திலிருந்து திரும்பியதும் மருமகள் அழுக்குக்கூடையைத் தூக்கி வாஷிங் மெஷின் பக்கம் போனாள். பேத்தி காலையில் கழற்றிப் போட்ட பனியன் மேலாகவே கிடந்தது.

“மெஷின் ரிப்பேர்” என்றேன். கூடையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.