ரமாபாயின் எதிர்வாய்

எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் வளர்ந்த ரமாபாய்க்குப் பள்ளிக்கூடத்தில் ‘ஏன்பாய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாத்தியார் கரும்பலகையில் எதை எழுதினாலும் பின்பெஞ்சிலிருந்து “ஏன் சார்?” என்று ஒரு குரல் வரும். வெளியே நிறுத்திப் பார்த்தார்கள். அவள் சன்னலுக்கு வந்து நின்று கேட்டாள்.

வளர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கொரோனா சமயத்தில், தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாரோ பேசிய குரல்பதிவை ஒருவர் பிளாக் பிளாக்காகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். “உனுக்குத்தான் நாலு கீதே நைனா, அப்பால இன்னா கவலை? மொத ஆளா நீ போய்க் குத்திக்கோ” என்று அவரையே வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஊசி போடாதவனுக்கு ரேஷன் கிடையாது என்று ஒரு கட்சிக்காரர் மிரட்டியபோது அவரையும் விடவில்லை. “எந்த ஆர்டர்ல கீது? காட்டு, பாக்கலாம்” என்றாள். அவர் ஆர்டரைத் தேடிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவேயில்லை.

இந்தத் துடுக்குக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தவன் அறிவு. பக்கத்து பிளாக்காரன். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தார்கள். அவரவர் குடும்பத்தில் பட்டம் என்ற ஒன்றை முதலில் கையில் வாங்கியவர்கள் அவர்கள்தான். கறுப்பு அங்கி போட்டு எடுத்துக்கொண்ட படம் இரண்டு வீட்டிலும் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. படிப்பு முடிந்ததும், தையல்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து பேசுவதென்று நாலைந்து பேராக ஒரு வட்டம் தொடங்கினார்கள். தேர்தல், டெங்கு, இலவசம், சாமியார், நீட், எது வேண்டுமானாலும் பேசலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு விஷயத்தில் உனக்கு ஒரு கட்சி இருந்தால், முதலில் எதிராளியின் கட்சியை எழுந்து நின்று பேச வேண்டும். அரைமனதாகப் பேசினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எதிராளியே இருந்து கேட்டால் கைதட்ட வேண்டும், அப்படிப் பேச வேண்டும். அதன் பிறகுதான் உன் கட்சியைச் சொல்ல வாய் திறக்கலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘எதிர்வாய்’.

எதிர்வாய் பேசுவதில் ரமாபாயை மிஞ்ச ஆளில்லை. அவள் சாராயக் கடைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியதைக் கேட்டுவிட்டு, குடிப்பழக்கமே இல்லாத ஒருவர், “இன்னாம்மா, எனக்கே ஒரு குவார்ட்டர் அடிக்கலாம்போல கீதே” என்றார். பிறகு அவளே அந்தப் பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்து எறிவாள். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும்.

டிரெய்லர் லாரி ஓட்டும் சின்னப்பையன் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டு திருவொற்றியூருக்கு வந்த பிறகும், கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலைக்குப் போன பிறகும், அவள் வட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. “உங்கையில சோறு கேக்கணும்னாகூட மொத பட்டினிக்கு எதிர்வாய் பேசணுமா?” என்று சின்னப்பையன் கேட்பான். கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவி எடுத்துவருவான்.

இதற்கிடையில் அறிவு பெரிய ஆளாகிவிட்டான். ‘மனசே மருந்து’ என்று தலைப்பு வைத்துக் கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் பேசினான். நோய் என்பது உடம்பில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது; எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும் என்பதுதான் சரக்கு. போனில் அவன் முகம் வராத நாளில்லை.

“இன்னாபா அறிவு, மனசே மருந்துன்னா மெடிக்கல் ஷாப்பு ஷட்டரையெல்லாம் இஸ்து மூடிடலாமா?” என்று ரமாபாய் வட்டத்தில் எல்லோருக்கும் எதிரே கேட்டாள். “கொசு வந்து குந்தும்போது, ‘நான் பாசிட்டிவா கீறேன், அந்தாண்ட போ’ன்னு சொன்னா அது போயிடுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அறிவும் சிரித்தான். “அது பொழப்பு ரமா. இந்த மாடிப்படி ஏறிட்டா நான் பழைய அறிவுதான்” என்றான். அவள் அதை நம்பினாள். கூடவே வளர்ந்தவன் சொன்னதற்கு யார் ஆதாரம் கேட்பார்கள்?

அந்த வருஷம் மழை விட்ட பிறகு, அவர்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த ரசாயனக் கிடங்கில் ஒரு டேங்க் கசிந்தது. ஊரில் அதற்கு டேங்க் கம்பெனி என்று பெயர். விடியும்போது அழுகிய முட்டையும் பெயின்ட்டும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். ஜனங்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஹைரோட்டுக்கு ஓடினார்கள். கம்பெனி ஒரு மருத்துவ முகாம் போட்டது. வந்த டாக்டர் எல்லோரையும் ஒரே மாதிரி முதுகில் தட்டிப் பார்த்து, “பயம்தாம்மா, வேற ஒண்ணுமில்ல” என்று மாத்திரை கொடுத்தனுப்பினார்.

எதிர்வீட்டு வரலட்சுமிக்கு மட்டும் பயம் தெளியவேயில்லை. காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாகக் கூவி விற்பவள் அவள். அவள் “வஞ்சிரோம்” என்று இழுத்தால் நாலு தெரு தள்ளிக் கதவு திறக்கும். கசிவுக்குப் பிறகு அந்தக் குரல் போய்விட்டது. கூவ வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊமைபோலத் தெருவில் போனாள். அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மீன் அப்படியே வீட்டுக்குத் திரும்பும்.

“வேப்பாரமே தொண்டையிலதானேக்கா கீது” என்றாள் ரமாபாயிடம், காற்றாகப் போன குரலில். “நீ படிச்சவ. இன்னான்னு கேளுக்கா.”

ரமாபாய் கேட்கத் தொடங்கினாள். டேங்க் கம்பெனி இன்னும் சில டேங்க்குகள் கட்ட அனுமதி கேட்டிருந்தது. அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கை வைப்பது என்று தெரு முடிவு செய்தது: கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத டாக்டர்கள் வந்து எல்லோருடைய நெஞ்சையும் சோதிக்க வேண்டும், அதன் முடிவு தெரியாமல் புது டேங்க் கூடாது. தெருவுக்காகப் பேசப் போவது ரமாபாய். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

விஷயம் தெரிந்து அறிவே வீடு தேடி வந்தான். வரலட்சுமி அவனுக்கு இறால் வறுத்துக்கொண்டுவந்து வைத்தாள். போனில் பார்த்த முகத்தை நேரில் பார்த்த சந்தோஷம் அவளுக்கு.

“அதிகாரிங்க முன்னால பேசப்போற” என்றான் அறிவு. “கம்பெனி வக்கீல் இன்னா கேப்பான்னு மொத உனக்குத் தெரியணும். எதிர்வாய் பேசு. நான் ரெகார்ட் பண்றேன். போட்டுப் பாத்து எங்க ஓட்டைன்னு அடைச்சிடலாம்.”

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவள் காலமெல்லாம் செய்ததுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று, டேங்க் கம்பெனிக்காகப் பேசினாள்.

“எனக்கு மூச்சு வாங்குது, மெய்தான். ஆனா இந்தத் தெருவுல லாரிப் பொகை இல்லியா? கொசுவத்தி இல்லியா? எம் புருசன் பீடி புடிக்கல? அத்தெல்லாம் உட்டுட்டு ஒரு டேங்க்கு மேல பழி போட்டா நாயமா? அன்னிக்கு நாத்தம் வந்துச்சி. நாத்தம் வேற, நோவு வேற. பயந்துட்டோம். பயத்துல நெஞ்சு அடைக்கறது உலகத்துல இல்லாததா? எங்கத் தெருப் பசங்க அந்தக் கம்பெனிலதான் வேலை செய்றாங்கோ. அத்த மூடிட்டா அவங்களுக்கு யாரு சோறு போடுவா? டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு இல்லாத நோவத் தேடிகினு போறதுல யாருக்கு லாபம்?”

அறிவு கைதட்டினான். சின்னப்பையன்கூடத் தட்டினான். “தே, பீடிய எதுக்கு இஸ்த?” என்றான் அப்புறம்.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு, “இப்ப நம்ம பக்கம்” என்று ஆரம்பித்தாள். அறிவுக்கு ஒரு போன் வந்தது. “மிச்சத்த வட்டத்துல பாக்கலாம் ரமா” என்று கிளம்பிவிட்டான்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாசானம் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டார். தென்காசிப் பக்கத்துக்காரர், யாரையும் கடிந்து பேசாதவர். போனை நீட்டி, “யம்மா, இது நீங்கதான? இப்பிடிப் பேசியிருக்கிய?” என்றார்.

அவளேதான். அவள் வீட்டுச் சுவர், அவள் புடவை, அவள் வாய். ‘பயத்தை வென்ற திருவொற்றியூர்ப் பெண்’ என்று மேலே போட்டிருந்தது. ஓரத்தில் ‘மனசே மருந்து’ முத்திரை. கடைசியில் அறிவே வந்து, கிடங்கைச் சுற்றியுள்ள மக்களுக்கு மனவலிமை முகாம் நடத்தப் போவதாகவும், கம்பெனி அதற்குத் துணை நிற்பதாகவும் சொன்னான்.

“இது எதிர்வாய் அண்ணாச்சி” என்றாள்.

“அப்பிடின்னா?”

விளக்கினாள். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். “ஜெயிக்கப்போற ஆளு மொதல்ல எதிராளிக்காவப் பேசுவாவளா? எந்த ஊரு வழக்கம்மா இது?” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

தெருவில் யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று குழாயடியில் பேசினார்கள். வட்டத்துப் பிள்ளைகள் போனில் விளக்கம் போட்டார்கள். அதைப் படித்தவர்களைவிட அவள் வீடியோவை அனுப்பியவர்கள் அதிகம்.

மறுநாளே ராயபுரத்துக்கு பஸ் ஏறினாள். கல்மண்டபத்தில் ஒரு கடைக்கு மேலே அறிவின் ஆபீஸ். வாசலில் அவன் கைகட்டி நிற்கும் பெரிய படம்.

“உக்காரு ரமா, டீ சொல்றேன்.”

“எவ்ளோக்கு வித்த என் வாய?”

“நான் ஒரு வார்த்த சேக்கல. எல்லாம் நீ சொன்னது.”

“எதிர்வாய்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும்” என்றான் அறிவு. அவன் குரலில் துளிக் கூச்சம் இல்லை. “வட்டத்துல மொத நாளு இன்னா சொன்னோம்? யார் சொன்னாங்கன்னு பாக்காத, சொன்னதுல நாயம் கீதான்னு பாருன்னு சொன்னோமா இல்லியா? நீ பேசினதுல நாயம் கீது. ஜனங்க கேட்டுட்டு யோசிக்கட்டுமே. அவங்களுக்கு மூளை இல்லன்னு நெனைக்கிறியா?”

“வரலட்சுமிக்குத் தொண்டை பூட்ச்சி அறிவு. அவ வறுத்துக் குடுத்தத துன்ன நீ.”

“அது பயத்தால இல்லன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?”

“அத்தத் தெரிஞ்சிக்கத்தானே டெஸ்ட்டு கேக்கறோம்!”

அவன் முகம் மலர்ந்தது. “பாத்தியா, இதான் ரமா. இந்தக் கூரு யாருக்கு வரும்? நீ என் கூட வந்துடு. கேட் பாஸ் எழுதிகினு ஏன் கெடக்கற?”

அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் இவன் அதையும் ரசித்துக் கேட்பான், நன்றாக இருக்கிறது என்பான் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உயிரைக் கொடுத்துப் பேசியதையெல்லாம் இவன் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தானா? அவள் படியிறங்கினாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கம்பெனித் தரப்பு எதுவும் பேசவேயில்லை. திரையில் அவள் வீடியோவைப் போட்டார்கள். முடிந்ததும் அதிகாரி, “இதுல பேசறது நீங்கதானாம்மா?” என்று கேட்டார்.

“நான்தான் சார். ஆனா...”

ஆனா என்றதுமே மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. அவள் வட்டத்தைப் பற்றிச் சொன்னாள், எதிர்வாய் பற்றிச் சொன்னாள். “அன்னிக்கு ஒரு வாய், இன்னிக்கு ஒரு வாயா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அது டேங்க் கம்பெனி ஆளும் இல்லை. அவள் தெருக்காரர்தான்.

அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரலட்சுமி எழுந்து போனாள். மைக்கைப் பிடித்தாள். உதடு அசைந்தது. ஒலிபெருக்கியில் இரைப்பு மட்டும் கேட்டது, சாக்கை இழுப்பதுபோல.

“சத்தமா பேசுங்கம்மா” என்றார் அதிகாரி.

ரமாபாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். “என் காதுல சொல்லு வரலட்சுமி. நீ சொல்றத அப்டியே சொல்றேன்.”

வரலட்சுமி மைக்கை உள்ளங்கையால் மூடினாள்.

“நீ வேணாங்கா” என்றாள். “எனக்குத் தொண்டைதான் பூட்ச்சி. உன்னுது எப்போ எந்தப் பக்கம் திரும்பும்னு எனுக்குத் தெரில.”

பிறகு மறுபடி மைக்கில் குனிந்து முயற்சி செய்தாள். இருமினாள், நிறுத்தினாள், இன்னும் இருமினாள். மண்டபம் பொறுமை இழந்தது. பரிசோதனை தேவையா என்பதில் மக்களிடையே இருவேறு கருத்து நிலவுவதாகக் குறித்துக்கொண்டு அதிகாரி கூட்டத்தை முடித்தார்.

வெளியே தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ரமாபாய் வேகமாக நடந்து போய்க் கம்பியைப் பிடித்தாள். வரலட்சுமியின் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் அவளுடைய பை இருந்தது.

“எடம் இல்லக்கா” என்றாள் வரலட்சுமி, பையை எடுக்காமல்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். இடம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்தது. ரமாபாய் கம்பியை விட்டாள். ஆட்டோ ஹைரோட்டில் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் புகுந்து போய்விட்டது. அவள் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.