எதிர்ச் சுவரில் சான்றிதழ்கள்

மந்தாரக்குப்பத்தில் கழுத்து, முதுகு வலியைக் கையாலேயே சரிசெய்யும் கைரோபிராக்டர் அவர். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். சான்றிதழ்களைத் தன் தலைக்குப் பின்னால் மாட்டாமல் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார். பேச்சுக்கு நடுவே அவற்றைப் பார்த்துக்கொள்வார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டுகிற எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. "ஒரு சொடக்கு எடுத்து வுட்டுடுங்க சார், நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்" என்றேன்.

"விரல் மரத்துப் போவுதா?"

"ரெண்டு விரல், ஒரு வாரமா."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அப்ப நான் தொட மாட்டேங்க. மொதல்ல நரம்பு டாக்டரைப் பாருங்க."

"இவ்ளோ படிச்சிருக்கீங்களே!" என்று சுவரைக் காட்டினேன்.

"யாரைத் தொடக்கூடாதுன்னும் அதுலதாங்க சொல்லிக் குடுத்தாங்க. மறந்துடக் கூடாதுன்னு கண்ணெதிர்ல மாட்டி வச்சிக்கினு இருக்கேன்."

"கழுத்துல நரம்பு நசுங்கியிருக்கு. நல்லவேளை, யாரும் கழுத்தைத் திருப்பலை" என்றார் நரம்பு டாக்டர். அவர் தந்த சிகிச்சையில் இப்போது வலி இல்லை. யார் கேட்டாலும், என் கழுத்தைச் சரிசெய்தவர் என்று அதைத் தொடவே தொடாத அந்தக் கைரோபிராக்டரைத்தான் சொல்கிறேன்.