கீழே போடத் தெரியாதவன்

"அங்கிள், வுடுங்க! வுட்டுருங்க!"

செரண்டா ஜிம்மில் போன வாரம் இப்படிக் கத்தியது என் கோச் திவ்யா. பகலில் அவளுக்கு ஃபேக்டரி வேலை, மாலையில் எங்களுக்கு வெயிட்லிஃப்டிங் சொல்லித்தருவாள். என் மகள் வயதுதான். ஆனால் அந்தப் பிள்ளை குரலை உயர்த்தினால் நான் பள்ளிப் பையன்போல நிமிர்ந்து நிற்பேன்.

ஐம்பத்தாறு வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை? எல்லாம் ஒரு குடையால் வந்தது.

கெர்லிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில், இருபது வருடமாக அம்மன் பல்லக்கின் முன்கட்டை என் தோளில்தான். போன திருவிழாவில் குனிந்து தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மனோடு சேர்த்து என்னையும் தூக்க வேண்டிய நிலை! கோயில் தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

"அண்ணே, அடுத்த வருசம் நீங்க சாமிக்குக் குடை புடிங்க லா."

குடையா? நானா? அவமானமாக இருந்தது. மறுமாதமே ஜிம்மில் சேர்ந்தேன்.

முதலில் வெறும் குச்சிதான் கொடுத்தாள் திவ்யா; எடை மாட்டும் இரும்பு பார் பிறகுதான். "இடுப்பால தூக்காதீங்க அங்கிள். காலால தரையத் தள்ளுங்க. பார் ஒடம்ப ஒட்டியே வரணும். அப்புறம் பட்டுன்னு ஒரே வேகம்!" கற்றுக்கொண்டேன். ஒன்றைத் தவிர.

போன வாரம் தலைக்கு மேல் போன பார் பின்பக்கம் சாய்ந்தது. அந்த நேரத்தில் பாரை விட்டுவிட்டு முன்னால் நகர வேண்டும். நான் விட்டேனா? அதோடு சேர்ந்து பின்னாலேயே நடந்து, சுவரில் முட்டித்தான் நின்றேன். இரண்டு பேர் ஓடிவந்து பாரை வாங்கினார்கள்.

"ஏன் அங்கிள் வுடல?"

எனக்கே அப்போதுதான் புரிந்தது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் பால் வாளி தூக்கியவன் நான். வழுக்கி விழுந்தால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதலில் வாளியைத்தான் பார்ப்பார். முட்டி பெயர்ந்தாலும் வாளியை நிமிர்த்திப் பிடித்தபடி விழ, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

அதைச் சொன்னேன். திவ்யா சிரிக்கவில்லை. பாரில் மாட்டிய தட்டைத் தொட்டுக் காட்டினாள். "இதுவும் ரப்பர்தான் அங்கிள். கீழ விழுறதுக்குன்னே செஞ்சது. ஒங்க முதுகு அப்படி இல்ல."

சுருக்கென்றது.

அன்று முழுக்கக் கீழே போடுவதற்கு மட்டுமே பயிற்சி. தூக்கு... போடு. டமால்! ஒவ்வொரு டமாலுக்கும் திரும்பிப் பார்த்தேன். எந்த மண்டோரும் வரவில்லை. அப்பாடா, என்ன சுகம்!

அந்தத் தைரியத்தில் நேற்று கோயிலுக்குப் போனேன். அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டை ஒன்று தலைவர் எதிரிலேயே கிடந்தது. குனிந்து பிடித்து, காலால் தரையைத் தள்ளினேன் - மூட்டை பூப்போல நெஞ்சுக்கு வந்தது. தலைவர் வாயைப் பிளந்தார்.

"அண்ணே! முன்கட்டை ஒங்களுக்குத்தாண்ணே!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். கைக்குத்தான் புதுப் பழக்கம் வந்துவிட்டதே... டமால்! மூட்டை வாய் பிளந்தது. தலைவர் வாய் மூடிக்கொண்டது.

திருவிழாவுக்கு அவசியம் வாருங்கள். குடை பிடித்தபடி நிற்பேன் - முதுகு மட்டும் நேராக இருக்கும்.