போன் பிடித்து நின்றவள்

என் போனின் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. கொரோனாவால் கல்லூரி மூடிக்கிடந்த காலம். கல்வராயன் மலையில் நாங்கள் இருவரும் ஒரே ஊர், பி.ஏ. ஆங்கிலம், ஒரே வகுப்பு. வெள்ளிமலைச் சாலையின் ஒரு வளைவில்தான் டவர் கிடைக்கும். அன்று வீடியோவில் ஆளுக்கு ஏழு நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதற்கு இன்டர்னல் மார்க் உண்டு. அவளிடம் போன் கிடையாது. முதலில் நான், அடுத்து அவள். என் முகம் ஆடாமல் தெரியட்டும் என்று என் போனை அவளே தூக்கிப் பிடித்து நின்றாள். "ஒரு பேப்பர் போனாகூட படிச்சது போதும்னு எங்கப்பா சொல்லிக்கினு கீறாரு" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் பேசியது சமூக வலைத்தளங்களின் நன்மை தீமை. எல்லாம் நெட்டிலிருந்து உருவியது. அவளோ காட்டில் கடுக்காய் பொறுக்குவதைப் பற்றித் தானே எழுதியிருந்தாள். கடுக்காய்க்கு ஆங்கிலத்தில் என்னவென்று இருவருக்கும் தெரியவில்லை. "கடுக்காய்னே சொல்லிட்றேன், சார் இன்னா அடிச்சிடவா போறாரு?" என்றாள்.

நான் நேரத்தில் முடித்திருக்கலாம். சார் "வெரி குட்" என்று சொல்லி ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசிக்கொண்டே போனேன். காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. சார்ஜ் சிவப்புக்கு இறங்கியதைப் பார்த்தேன். திரை என் பக்கம் இருந்ததால் அவளுக்குத் தெரியாது. சார் அவள் பெயரைக் கூப்பிட்டதும் போனை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே போய் நின்றாள். "குட் மார்னிங் சார்" என்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

"கடுக்காய் பத்திப் பேச வந்தவளுக்கே கடுக்காய் குடுத்துட்டியேடி" என்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். சாரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீ ஏன் அவ்வளவு நேரம் பேசினாய் என்று கேட்பாரோ என்று பயந்து, நாளை நாளை என்று தள்ளினேன். அவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. அந்தப் பேப்பரும் போயிற்று. கல்லூரி திறந்தபோது அவள் வரவில்லை. தை பிறந்ததும் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. தினமும் வீடியோ மீட்டிங்கில் ஆங்கிலத்தில் பேசுகிறேன். நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள். போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. பழைய கோபம் ஒன்றுமில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. "சார்ஜ் தீர்றது தெரிஞ்சுதுடி. பார்த்துக்கினேதான் பேசினேன்" என்று சொல்லிவிட்டேன்.

குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகினாள்.

"நான் எழுதி வச்சிருந்தது நாலே நிமிஷந்தாண்டி" என்றாள்.